தீப்பட்ட யந்திரம்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

அறுவடை முடிந்த களத்தில் வைக்கோற்போரும் டிராக்டரும் அருகருகே நிற்பது கிராமாந்தரங்களில் அன்றாடக் காட்சியாகும். சூடேறிய சைலன்சரின் மேல் படிந்த வைக்கோல் தூசியோ, கதிரடிக்கும் யந்திரத்தின் தேய்ந்த பேரிங்கோ, அணைக்காமல் எறியப்பட்ட ஒரு பீடித் துண்டோ போதும். அரை மணி நேரத்தில் போர் சாம்பலாகும், யந்திரம் கருகும். தீயை அணைத்த பின்னர் ஊரார் கூடி ஆளுக்கொரு யோசனை கூறுவர். “இன்ஷூரன்ஸ் இருக்கிறதல்லவா, புதிதாக வாங்கிக்கொள்ளலாம்” என்பார் ஒருவர். “பெயிண்டு அடித்தால் ஓடும், கம்பெனிக்காரனை நம்பாதே” என்பார் மற்றொருவர். பழைய இரும்பு வியாபாரி மறுநாட் காலையிலேயே வந்து விலை பேசுவார். இம்மூவர் பேச்சையும் கேட்டு அன்றைக்கே முடிவு செய்யும் குடியானவர், தீயினால் அடைந்த நஷ்டத்துடன் மற்றொரு நஷ்டத்தையும் தாமே வரவழைத்துக்கொள்கிறார்.

பதறாத காரியம் சிதறாது என்பது பெரியோர் வாக்கு. தீப்பட்ட யந்திரத்தைப் பழுது பார்ப்பதா, கைவிட்டுப் புதிது வாங்குவதா என்னும் கேள்விக்கு விடை, வெளியே தெரியும் கருக்கலிலும் இல்லை, கம்பெனி தரப்போகும் தொகையிலும் இல்லை. உஷ்ணம் யந்திரத்தின் எவ்வளவு ஆழத்திற்குச் சென்றது, கையிலுள்ள பத்திரம் என்ன கூறுகிறது, அடுத்த சாகுபடிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்னும் மூன்றையும் பார்த்த பின்னரே விடை காணுதல் தகும். இவற்றுள் ஒன்றை விட்டு மற்றிரண்டை மாத்திரம் பார்ப்பவர் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருவர்.

முதல் நாள் செய்யத்தக்கதும் தகாததும்

தீ முற்றும் அணைந்தபின் யந்திரத்தை ஓட்டிப் பார்க்க விரும்புவது மனித சுபாவம். ஆனால் அதனினும் கேடான காரியம் வேறில்லை. கருகிய வயரிங்கில் மின்சாரம் பாய்ந்தால் மீண்டும் தீ பற்றும். அணைக்க ஊற்றிய நீர் எஞ்சினுக்குள் இறங்கியிருப்பின் நல்ல நிலையில் தப்பிய பிஸ்டனும் கம்பியும் அப்பொழுதே கெடும். பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, தார்ப்பாயால் மூடி, நின்ற இடத்திலேயே காவல் வைப்பதே முறை. எரிந்த ரப்பர் சீல்களை வெறுங்கையால் தொடுதலும் கூடாது. அவற்றுட் சில வகைகள் வெந்தால் தோலை அரிக்கும் கடும் அமிலத்தை உண்டாக்கும்.

தீயணைப்பு நிலையத்திற்கும் போலீஸ் நிலையத்திற்கும் தகவல் தருவதுடன், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். கம்பெனி அனுப்பும் நஷ்ட மதிப்பீட்டாளரைச் சர்வேயர் என்று அழைப்பது வழக்கம். இவர் நிலம் அளக்கும் சர்வேயர் அல்லர். 1938ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படி உரிமம் பெற்று நஷ்டத்தைக் கணக்கிடுபவர். அவர் வந்து பார்க்குமுன் யந்திரத்தைக் கழற்றினாலும், கழுவினாலும், உடைந்த பாகங்களைப் பழைய இரும்புக்கு விற்றாலும், நஷ்டத்திற்குரிய சாட்சியைக் குடியானவர் தம் கையாலேயே அழித்தவராவார். எரிந்த இரும்புக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதனைத் தாமே வைத்துக்கொள்ள விரும்பினால் அம்மதிப்பு தரப்படும் தொகையிற் கழிக்கப்படும். ஆதலால் வியாபாரி அவசரமாகக் கூறும் விலையை ஏற்பது இரட்டை நஷ்டமாகும்.

உஷ்ணம் விட்டுச்சென்ற அடையாளங்கள்

தீ தன் உஷ்ணத்தின் அளவைத் தானே எழுதி வைத்துச் செல்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும். பாட்டரியின் ஈயம் உருகியிருந்தால் அவ்விடத்தில் 327 டிகிரி செல்ஷியஸ் கடந்துவிட்டது. தீட்டிய எஃகுத் தண்டின் மேல் நீல நிறம் படிந்திருந்தால் ஏறத்தாழ 300 டிகிரி உஷ்ணம் அதில் ஏறியது. அலுமினியப் பாகங்கள் உருகிச் சொட்டியிருந்தால் 660 டிகிரிக்கு மேற்பட்ட தீ அங்கே நிலைத்து நின்றது என்பது திண்ணம்.

இவ்வடையாளங்கள் எவ்விடத்தில் உள்ளன என்பதே பெரிது. மட்கார்டு, பானெட், இருக்கை, விளக்குகள், வயரிங், ரேடியேட்டர் குழாய்கள் ஆகியன எரிந்து, எஞ்சினும் கியர் பெட்டியும் வெறும் புகைக்கரியுடன் தப்பியிருப்பின், பார்வைக்கு யந்திரம் பயங்கரமாகத் தோன்றினும் அது பெரும்பாலும் பழுது பார்க்கத்தக்கதே. மாறாக, வெளியே பெயிண்டு பாதி எஞ்சியிருந்தும், பின்சக்கரத்து டயர் நெடுநேரம் எரிந்து அச்சுப் பெட்டியைச் சுட்டிருக்கலாம். கடினப்படுத்திய பற்சக்கரங்களும் பேரிங்குகளும் 200 டிகிரிக்குச் சிறிது மேல் நெடுநேரம் சூடேறினாலும் தம் கடினத்தை இழக்கத் தொடங்கும். அவை அன்றைக்கு ஓடும். அடுத்த சேற்றுழவின் பாரத்தில் தேய்ந்து உடையும். கியர் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால், கருகிய நாற்றமும் நிறமாற்றமும் உண்மையைக் கூறும்.

சுட்ட வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் மயிரிழை வெடிப்பு உண்டாவதுண்டு. அதனைக் காண ஓர் எளிய முறை உண்டு. ஐயமுள்ள இடத்தை மண்ணெண்ணெயால் நனைத்து, சிறிது நேரம் கழித்து நன்கு துடைத்து, சுண்ணாம்புக் கட்டித் தூளைப் பூசினால், வெடிப்பில் தங்கிய எண்ணெய் கசிந்து வெண்மையின் மேல் கோடாகத் தெரியும். இச்சோதனைகள் யாவும் நஷ்ட மதிப்பீட்டாளர் பார்த்து அனுமதித்த பின்னரே நடைபெற வேண்டும். கூடுமாயின் அவர் முன்னிலையிலேயே பெட்டிகளைத் திறத்தல் நன்று. மூடிய நிலையில் மதிப்பிட்ட செலவு முழுக்கணக்காகாது. திறந்தபின் தெரியவரும் சேதத்தைப் பிற்பாடு சேர்க்க முயல்வதிலேதான் தகராறுகள் பல கிளம்புகின்றன.

பம்பு மோட்டாரின் கதை வேறு. காயில் மாத்திரம் கருகியிருந்தால் திரும்பக் கட்டுவது வழக்கம், அது தகுந்ததே. ஆனால் தீ மோட்டாரின் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகளை அடைந்து, அவற்றிற்கு இடையேயுள்ள பூச்சை எரித்திருந்தால், புதுக் காயில் கட்டினாலும் மோட்டார் வீணாகச் சூடேறும். மின்சாரத்தையும் அதிகமாக உண்ணும். சில மாதங்களில் காயிலும் மீண்டும் கருகும். மூன்று, ஐந்து குதிரைத்திறன் மோட்டார்களில் தகடு வெந்துவிட்டதாயின், பழுது பார்க்கும் எண்ணத்தைக் கைவிடுவதே சிக்கனம்.

பத்திரம் கூறுவது

இன்ஷூரன்ஸ் பற்றிக் குடியானவர்களிடையே நிலவும் பெரும் பிழை, எரிந்ததற்குப் பதிலாகப் புதியது கிடைக்கும் என்பதாகும். டிராக்டருக்கு வழங்கப்படும் பத்திரத்தின் நோக்கம், எரிவதற்கு முந்திய நாள் இருந்த நிலைக்கு உடையவரைக் கொண்டுவருவதே. அதற்கு மேல் ஒரு படியும் ஏற்றுவதன்று. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திற் சேர்ந்திருப்பதால் யந்திரத்திற்கும் பாதுகாப்பு உண்டென்று எண்ணுவோரும் உளர். அது பயிருக்கே உரியது. அவ்வாறே, சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் உள்ள டிராக்டர் எரிந்துபோனால் உடையவருக்கு ஒரு காசும் வராது. சொந்தச் சேதத்தையும் ஏற்கும் முழுப் பத்திரம் இருந்தால்தான் பழுதா, புதிதா என்னும் கேள்விக்கே இடமுண்டு. வேளாண்மைக்கெனப் பத்திரம் எடுத்து, வாடகைக்குச் செங்கல்லும் மணலும் ஏற்றிச் சென்றபோது எரிந்ததாயின், பத்திரத்திற் கூறிய உபயோக வரம்பு மீறப்பட்டதென்று கோரிக்கை மறுக்கப்படலாம்.

2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிப் வகுத்த தேய்மான அட்டவணையை ஆதாரமாகக் கொண்ட பத்திரங்களே இன்றும் பெரும்பாலும் வழங்குகின்றன. அதன்படி, வாங்கி மூன்று ஆண்டு கடந்து நான்கு நிறையாத வண்டியின் இன்ஷூர் செய்த மதிப்பு, அவ்வகைப் புதுவண்டியின் விலையில் நூற்றுக்கு 40 கழித்தது. பழுது பார்க்கும்போது மாற்றப்படும் உலோகப் பாகங்களுக்கு அவ்வயதில் நூற்றுக்கு 25-உம், ரப்பர், பிளாஸ்டிக், டயர், டியூப், பாட்டரி இவற்றிற்கு வயது எதுவாயினும் நூற்றுக்கு 50-உம் கழிக்கப்படும். மீட்டுவந்து பழுது பார்க்கும் மொத்தச் செலவு, இன்ஷூர் செய்த மதிப்பில் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் அது முழு நஷ்டமாகக் கருதப்படும்.

ஒரு கற்பனைக் கணக்கால் இது விளங்கும். புதுவண்டியின் விலை ரூ. 8,00,000 என்க. மூன்றரை வயதான வண்டியின் இன்ஷூர் மதிப்பு ரூ. 4,80,000. அதில் நூற்றுக்கு 75 என்பது ரூ. 3,60,000. தீப்பட்டபின் ஒர்க்‌ஷாப் தரும் மதிப்பீடு, உலோகப் பாகங்கள் ரூ. 1,40,000, ரப்பரும் பாட்டரியும் ரூ. 60,000, கூலி ரூ. 60,000, ஆக ரூ. 2,60,000 என்று வைத்துக்கொள்வோம். தேய்மானமாக உலோகத்தில் ரூ. 35,000-உம், ரப்பர் முதலியவற்றில் ரூ. 30,000-உம் கழிய, கம்பெனி தருவது ரூ. 1,95,000; பத்திரத்திற் கண்ட கட்டாயக் கழிவு இதிலும் குறையும். ஆகவே பழுது பார்த்தால் உடையவர் கைப்பணம் ரூ. 65,000-க்குச் சிறிது மேல்.

இனி, செலவு ரூ. 3,60,000-ஐத் தாண்டி முழு நஷ்டமானால், கட்டாயக் கழிவு நீங்கலாக ரூ. 4,80,000 வரும். புதுவண்டி வாங்க மேலும் ரூ. 3,20,000 தேவை. வண்டியின் மேல் பாங்குக் கடன் ரூ. 3,00,000 நிலுவை இருப்பின், தொகை முதலிற் பாங்குக்கே சேரும். உடையவர் கையில் எஞ்சுவது ரூ. 1,80,000. “இன்ஷூரன்சில் புதிது வாங்கலாம்” என்ற சொல்லின் உண்மை விலை இதுதான். முழு நஷ்டம் என்பது பரிசன்று. மற்றொரு கடனின் தொடக்கமாக முடிவதே அதிகம்.

டிராக்டர் பத்திரங்கள் சிலவற்றில், கூடுதல் பிரீமியம் செலுத்தினாலன்றி, முழு நஷ்டமல்லாத சேதத்தில் விளக்கு, டயர், டியூப், மட்கார்டு, பெயிண்டு முதலியவற்றிற்குப் பணம் தருவதில்லை என்னும் விலக்கும் உண்டு. களத்துத் தீயில் முதலில் எரிவன இவையே. ஆதலால் மேற்கண்ட கணக்கைத் தத்தம் பத்திரத்தோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

கொட்டகையிலுள்ள மோட்டார், கதிரடிக்கும் யந்திரம், செக்கு முதலியவற்றைத் தீ இன்ஷூரன்சில் சேர்ப்பவர், மதிப்பைக் குறைத்து எழுதிப் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க எண்ணுவதுண்டு. இரண்டு லட்சம் பெறும் யந்திரத்தை ஒரு லட்சத்துக்கு இன்ஷூர் செய்து, ரூ. 60,000 சேதமானால், சராசரி விதியுள்ள பத்திரத்தின்படி கிடைப்பது ரூ. 30,000 மாத்திரமே. மீதியைத் தாமே ஏற்றவராகக் குடியானவர் கருதப்படுவார்.

கிராம உத்தியோகஸ்தர்களின் பொறுப்பு

எந்தத் தீயையும் “மின்கசிவு” என்று எழுதிவிடும் வழக்கம் கிராமங்களில் வேரூன்றியுள்ளது. எழுதுவோர்க்கு அது ஒரு சொல். யந்திரத்தை இழந்தவர்க்கோ அதுவே வாழ்வும் தாழ்வும் ஆகலாம். தீ இன்ஷூரன்ஸ் பத்திரங்களில் பொதுவாகக் காணப்படும் ஒரு விலக்கின்படி, மின்சார யந்திரம் தன்னுள் ஏற்பட்ட ஷார்ட் சர்க்கியூட்டாலோ மிகை மின்னழுத்தத்தாலோ கெட்டால், அந்த யந்திரத்திற்குப் பணமில்லை. அதிலிருந்து பரவிய தீயால் எரிந்த மற்றவற்றிற்கு உண்டு. வைக்கோற்போரில் பற்றிய தீ கொட்டகைக்குப் பரவி மோட்டாரை எரித்திருக்க, சான்றிதழில் ஆராயாமல் “மின்கசிவால் மோட்டார் எரிந்தது” என்று எழுதினால், நியாயமாக வரவேண்டிய தொகையும் தடைப்படும்.

இதன் பொருள், குடியானவர்க்குச் சாதகமாகப் பொய் எழுத வேண்டும் என்பதன்று. மோட்டாரிலேயே தீ தோன்றியிருந்தால் அதனை மறைப்பது குற்றம். கிராம நிர்வாக அலுவலர் தாம் கண்டதை மாத்திரம் எழுதுதல் வேண்டும்: நாள், நேரம், சர்வே எண், எரிந்த பொருள்கள், காற்று வீசிய திசை, முதலிற் கண்டவர் கூறியது இவையே போதும். காரணத்தை முடிவு செய்தல் அதற்குரியவர் வேலை. கண்டதும் கேட்டதும் வேறு வேறாகப் பிரித்து எழுதப்பட்ட ஒரு பக்கச் சான்று, அனுதாபத்தால் எழுதிய பத்துப் பக்கத்தினும் குடியானவர்க்கு அதிகப் பிரயோஜனமாகும்.

காலக் கணக்கு

யந்திரமும் பத்திரமும் ஒரு முடிவைக் காட்டினாலும், பருவம் அதனை மாற்றக்கூடும். சம்பா அறுவடையின்போது தை, மாசியில் எரிந்த டிராக்டருக்குக் கோடையுழவு வரை சில வாரங்களும், குறுவை நடவு வரை சில மாதங்களும் உண்டு. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் எஞ்சினைத் திறந்து பார்த்து, பாகங்கள் தருவித்து, நிதானமாகப் பழுது பார்த்துக்கொள்ள இயலும். அதே தீ வைகாசிக் கடைசியில் நேர்ந்தால், உழவை நிறுத்தி வைக்க முடியாது. உழவு தவறியதால் வரும் நஷ்டமும், வாடகை வண்டிக்குக் கொடுத்த கூலியும் டிராக்டர் பத்திரத்தில் அடங்கா. அவை பின்விளைவு நஷ்டம் என்று விலக்கப்பட்டவை.

அவ்வேளையில் அவசரப்பட்டுக் கடனுக்குப் புதுவண்டி வாங்குவதினும், அந்த ஒரு பருவத்தை வாடகை யந்திரத்தால் நடத்திவிட்டு, தீப்பட்ட வண்டியின் காரியத்தை ஒழுங்காக முடிப்பதே மேல். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களையும் கருவிகளையும் அரசு நிர்ணயித்த வாடகைக்குத் தருகிறது. ஒரு பருவத்து வாடகை பாரமாகத் தோன்றலாம். ஐந்தாண்டுத் தவணையோடு ஒப்பிட்டால் அது சிறிது.

முடிவு

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் ஒரு தெளிந்த கருத்து பிறக்கின்றது. மேற்புறம் எரிந்து எஞ்சினும் கியர் பெட்டியும் தப்பிய யந்திரத்தைப் பழுது பார்ப்பதே தகும்; புதுவண்டியின் ஆசை அங்கே தலையிடலாகாது. உஷ்ணம் உள்ளே சென்று பற்சக்கரத்தின் கடினத்தையோ வார்ப்பின் உறுதியையோ கெடுத்திருந்தால், தந்தை காலத்து வண்டியாயினும் கைவிடுவதே தகும். பழகிய பாசம் அங்கே தலையிடலாகாது. செலவு 75 பங்கின் எல்லையருகே வரும்போது சோதனை அதிகம். புதிது வேண்டுவோர் மதிப்பீட்டை ஏற்றச் சொல்வர். பழையதை விரும்புவோர் சேதத்தை மறைக்கச் சொல்வர். முன்னது வஞ்சனை, கண்டுபிடிக்கப்பட்டால் நியாயமான தொகையும் போகும். பின்னது தற்கேடு, அரைகுறையாகப் பழுது பார்த்த பிரேக்கும் ஸ்டியரிங்கும் ஓட்டுபவன் உயிரையே கேட்கும். யந்திரத்தைத் திறந்து, உள்ளதை உள்ளபடி எழுதி, எண் காட்டும் வழியிற் செல்வதே இரு பிழையும் அணுகாத வழி.

கம்பெனியின் மதிப்பீடு நியாயமன்று என்று தோன்றினால், தெருவில் நின்று வாதிடுவதால் பயனில்லை. நஷ்ட மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற்று, எழுத்து மூலம் கம்பெனிக்கு முறையிட்டு, அதிலும் பரிகாரம் இல்லையேல் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கே முறையிடக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

தீ முன்னறிவித்து வருவதில்லை. ஆயினும் அதற்கு முன் செய்யத்தக்கன உள. வண்டியைப் போரிலிருந்து தள்ளி நிறுத்துதல், அறுவடைக் காலத்தில் சைலன்சரைச் சுற்றிய தூசியை நாள்தோறும் துடைத்தல், பத்திரத்தையும் வாங்கிய ரசீதையும் கொட்டகையில் வைக்காமல் வீட்டில் வைத்தல், பத்திரத்தின் விலக்குப் பகுதியை ஒருமுறை படிப்பித்துக் கேட்டல் ஆகிய நான்கிற்கும் பணச் செலவில்லை. அடுத்த அறுவடைக்கு அரிவாள் தீட்டுமுன் ஒவ்வொரு குடியானவரும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவாராயின், தீ நேர்ந்த நாளில் பழைய இரும்பு வியாபாரியின் பேச்சுக்கும் ஊரார் யோசனைக்கும் அவர் செவி சாய்க்க நேராது.